மடிப்பில் எழுதியது

"எல்லாரும் பாப்பாங்களேம்மா, பரவால்லையா?" என்று கேட்டார் ஆல்பர்ட் அண்ணன்.

கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில், தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடைக்குப் பின்னால் தட்டி மறைத்து, நாலு கம்ப்யூட்டர் போட்டுப் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார் அவர். தைல வாடையும் சாக்லேட் வாடையும் ஒன்றாக அடிக்கும். எதைச் சுவாசிப்பது என்று மூக்குக்கே குழப்பம். வெளியே மூடுபனி. நான் லாட்ஜ் வேலையை முடித்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஈரச் செருப்போடு முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். முழுசாக உட்கார்ந்தால் எதையாவது தட்டி உடைத்துவிடுவேனோ என்று பயம்.

திரையில் என் சிநேகிதி தேவகி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தே இராத பட்டுச்சேலை. படத்துக்கு மேலே 'குறிஞ்சி தேவகி' என்று போட்டிருந்தது. அப்போது எல்லாரும் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நட்புத் தளத்தில் அது அவளுடைய பக்கம் என்றார்கள். ஒரு மாசமாக அவள் போனில் கிடைக்கவில்லை. இங்கே எழுதிப் போட்டால் அவளுக்குப் போகும் என்று சொன்னதால் வந்திருந்தேன்.

"எல்லாரும்னா யாருண்ணே?"

"இதுல சேந்திருக்க அத்தனை பேரும். ஆயிரக்கணக்குல கெடக்காங்கம்மா."

அதுவரை நான் சொல்லி அவர் அடித்தது இவ்வளவுதான்: 'அன்புள்ள தேவகிக்கு மரகதம் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உன் அம்மா சுகம். லயத்தில் அனைவரும் உன்னை டிவியில் பார்த்து மகிழ்ச்சி. நீயும் நானும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடாதே.'

இதை யார் பார்த்தால் என்ன? சொல்லப்போனால், நாலு பேர் பார்க்கட்டுமே என்றுகூட இருந்தது.

"இதுவரைக்கும் சொன்னதை எல்லாரும் பாக்கட்டும்ண்ணே. இனிமே சொல்றதை மடிப்புல போட்டுருங்க."

"மடிப்புலயா?"

"ஆமாண்ணே. மடிப்புல."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பின்னால் இரண்டு பேர் இடத்துக்குக் காத்து நின்றார்கள். சரி என்று, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற தன் வழக்கப்படி, 'மடிப்பு' என்றே ஒரு சொல்லைத் தட்டி, இரண்டு புள்ளி வைத்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன்.

"மேடை ஏறுறதுக்கு முன்னாடி வாந்தி எடுப்பியே, இப்ப யாருடி ஒனக்கு வாளி பிடிக்கிறா? வெறும் வயித்தோட ஏறாத. பரோட்டா திங்காத. அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. ஒரு வரி எழுது."

ஆல்பர்ட் அண்ணன் ஒரு தட்டுத் தட்டினார். "போயிருச்சு" என்றார்.

ஒன்பதாம் நம்பர் ரூம்

தேவகியும் நானும் அந்த லாட்ஜில் ஜோடி. ரூம் சுத்தம் செய்வது இரண்டு பேர் வேலை. பெரிய கட்டிலுக்குப் பெட்ஷீட் விரிக்க ஆளுக்கு ஒரு பக்கம் நிற்க வேண்டும். ஒருத்தி உதற, மற்றவள் காற்றிலேயே நுனியைப் பிடிப்பாள். பேச்சே வேண்டாம், கண்ணாலேயே நடக்கும்.

குளியலறை அவள் பங்கு. ஒன்பதாம் நம்பர் குளியலறையில் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்பாள். கதவைச் சாத்திக்கொண்டு டைல்ஸ் தேய்த்தபடி பாடுவாள். நான் வெளியே தலையணை உறை மாட்டிக்கொண்டு, சத்தம் மேனேஜருக்குக் கேட்டுவிடுமோ என்று வராந்தாவை எட்டி எட்டிப் பார்ப்பேன். கவலைப்படுவது என் பங்கு.

இந்தக் கவலைப்படுகிற குணத்தைப் பற்றி இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். சிலோனிலிருந்து கப்பலில் வரும்போது கப்பல் முழுகிவிடுமோ என்று கவலை. வந்த பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கவலை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டேன். விட்டதற்கு ஒரு காரணம், வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்கிற கவலை.

ஒரு சீசனில் டிவி கம்பெனியைச் சேர்ந்த ஒரு அம்மாள் ஒன்பதாம் நம்பரில் தங்கியிருந்தார். ஏரிக்குப் போனவர், குடை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். குளியலறைக்குள்ளே தேவகி. வெளியே நான். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மாளோ வாயில் விரலை வைத்து என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, நான் அப்போதுதான் விரித்த கட்டிலில் உட்கார்ந்து பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டார்.

பெண்களுக்கான பாட்டுப் போட்டிக்குத் தேவகி போனது அப்படித்தான்.

வாளிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் திருவிழா மேடையோ, கட்சிக் கூட்டத்து மேடையோ, ஏறுவதற்கு முன்னால் தேவகிக்கு வயிற்றைப் புரட்டும். எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பிறகு சிங்கம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாளியோடு நான் பின்னால் நிற்பேன். மூடி போட்ட வாளி. முடிந்ததும் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. இருபது வருஷமாக எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் பங்குப் புகழ்

குறிஞ்சி பூத்த வருஷம் அது. மலையெல்லாம் நீலம் படர்ந்திருந்தது. டிவிக்காரர்கள் அவள் பெயருக்கு முன்னால் குறிஞ்சியைச் சேர்த்துவிட்டார்கள். "செடிய வெட்டி ஆட்டுக்குப் போட்டிருக்கேன், அவ்வளவுதான்டி எனக்கும் அதுக்கும் பழக்கம்" என்று போனில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி. ஒவ்வொரு வாரமும் ஜெயிக்க ஜெயிக்கப் போன் குறைந்தது. அப்புறம் நம்பரை மாற்றிவிட்டாள். பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஒருவர், "இது கோழிக்கடைங்க" என்றார்.

நான் தனியாகப் பெட்ஷீட் விரித்தேன். இந்த நுனியைச் செருகிவிட்டு அந்தப் பக்கம் ஓடுவதற்குள் இது கழன்றிருக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கும் புகழ் வந்தது. லாட்ஜ் மேனேஜர் ரிசப்ஷனில் தேவகி படத்தை மாட்டினார். வருகிறவர்கள் ஒன்பதாம் நம்பர்தான் வேண்டும் என்றார்கள். "நீங்கதான் அவங்க ஃப்ரெண்டா?" என்று கேட்டு என்னைக் குளியலறை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். முதலில் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்த கதையை மட்டும் சொன்னேன். பீலி என்றால் சிலோன் தோட்டப் பேச்சில் தண்ணீர்க் குழாய். பத்து தடவை சொல்வதற்குள் கதை வளர்ந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், தேவகிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

அவள் என்னை மறந்துவிட்டாளோ என்று கவலைப்பட்டேன். அவளை வைத்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கவலைப்படவில்லை. தேவையான இடத்தில் எனக்குக் கவலை வராது போலிருக்கிறது.

தபால் வந்தால்

மடிப்பு என்றால் என்ன என்று விளங்காமல் போயிருக்கும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

செண்பகனூருக்குக் கீழே நாங்கள் இருந்த வரிசை வீடுகளை இன்னும் லயம் என்றுதான் சொல்வோம். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அக்கா அங்கே, தங்கச்சி இங்கே என்று பாதி உறவு கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அங்கிருந்து நீலத் தாளில் ஏர்மெயில் வரும். யாருக்கு வந்தாலும் லயத்துக்கே வந்த மாதிரி. பீலிக்குப் பக்கத்தில் எல்லாரும் கூடிவிடுவார்கள். வாசிக்கிறவர் ராசையா மாமா. எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் கடிதத்தின் மேல்பக்கம் முழுக்கப் பொதுவாக இருக்கும். எல்லாரையும் பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்கள். மாடு வாங்கியதும் மகள் சமைந்ததும் கொஞ்சம் பெருமையோடு வரும்.

அந்தத் தாளை ஒட்டுவதற்காக உள்ளே மடிக்கிற ஒரு துண்டு உண்டு. இங்கே விற்கிற இன்லேண்டிலும் உண்டு. அந்த மடிப்பில் எழுதியிருப்பது பெற்றுக்கொள்கிறவருக்கு மட்டும். மாமா அதுவரை வாசித்துவிட்டு நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை நீட்டுவார். உரியவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 'மடிப்பில் என்ன?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது அசிங்கம்.

ஒரு தடவை என் அம்மாவுக்கு மடிப்பில் நாலு வரி வந்தது. படித்துவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். நாங்கள் பேசாமல் சாப்பிட்டோம். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்த தபால் இதுதான். கம்ப்யூட்டர் தபாலிலும் மேலே ஊருக்கு, மடிப்பு ஆளுக்கு என்று நினைத்தேன். 'மடிப்பு' என்று போட்டுவிட்டால், படிக்கிறவர்கள் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

சிவப்பு வாளி

யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாட்ஜ் ரிசப்ஷனில் எல்லாரும் டிவி முன்னால் இருந்தோம். தேவகி மேடைக்கு வந்தாள். தொகுத்து வழங்குகிற பையன் ஓடி உள்ளே போய் ஒரு சிவப்பு வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். "உங்க ஃப்ரெண்டு கேட்டிருக்காங்க, இப்ப யாரு வாளி பிடிக்கிறான்னு. இன்னிக்கு நான் பிடிக்கிறேன் மேடம்!"

அரங்கமே சிரித்தது. தேவகியும் சிரித்தாள். ஆனால் இடது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே சிரித்தாள். அவமானப்படும்போது மட்டும்தான் அவள் அப்படிச் செய்வாள். ரிசப்ஷனில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாட்டின் நடுவே ஒரு வரியை விட்டுவிட்டாள். அந்த வாரம் போட்டியிலிருந்து வெளியேறாமல் கடைசி ஆளாகத் தப்பினாள்.

மறுநாள் மழையில் ஏழு ரோட்டுக்கு ஓடினேன். "எடுத்துருங்கண்ணே, எடுத்துருங்க."

ஆல்பர்ட் அண்ணன் அழித்தார். "எடுத்தாச்சும்மா. ஆனா முந்நூறு பேரு அதைக் காப்பி பண்ணிப் போட்டுருக்கான். ஒருத்தன் வாளிப் படம் போட்டு அதுக்குத் திருஷ்டிப் பொட்டு வேற வச்சிருக்கான்." பிறகு தயங்கிச் சொன்னார். "ஒரு கோயம்புத்தூர்ப் பார்ட்டி உங்க போட்டோவும் போட்டிருக்கு. நீங்கதான் அவங்க பாட்டு டீச்சராமே?"

தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

புதன்கிழமை லாட்ஜ் போனில் அவளே கூப்பிட்டாள். மேனேஜர் போனைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"தேவகி! சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும். ஒனக்குக் கம்ப்யூட்டர்ல என்னடி சோலி?"

மேனேஜருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"மேக்கப் போடுற புள்ளகூட 'வாளி வேணுமாக்கா'ங்கிறா. எவனெவனோ என்னைப் பத்திக் கதை கட்டுறான், அதெல்லாம் எனக்கு ஒறைக்கல. நீ சொல்லலாமா? டிவில ஒன் பேரும் வரணும்னு ஆசையாடி?"

"ஆசை இருந்துச்சுதான்டி. இல்லேங்கல." மூக்கைச் சால்வையில் துடைத்தேன். "ஆனா அதை மேலதான் எழுதினேன். வாளிய மடிப்புலதான்டி எழுதச் சொன்னேன்."

அந்தப் பக்கம், பின்னால் யாரோ மைக்கில் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்ன?"

"மடிப்புலன்னு சொல்லித்தான் எழுதினேன். ஆல்பர்ட் அண்ணனைக் கேட்டுப் பாரு."

"கம்ப்யூட்டர்ல எங்கடி இருக்கு மடிப்பு?"

"எனக்கென்னடி தெரியும்!"

ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, விம்மலா, தெரியவில்லை. "ஏ கூறுகெட்டவளே" என்றாள். போன் அறுந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்றார் மேனேஜர்.

"'கூறுகெட்டவளே'ன்னா சார்."

"கோவமாவா, பிரியமாவா?"

"அதான் சார் தெரியல."

இன்லேண்டு

அந்த இரண்டு வாரம் நான் பட்ட கவலையை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் போதாது. தேவகியின் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகும்போதுகூட அந்த வீட்டுச் சுவரில் இருந்த அவள் படத்தைப் பார்க்காமல் வந்தேன்.

அப்புறம் ஒரு இன்லேண்டு வந்தது. என் பெயருக்கு. தேவகியின் கோணல் எழுத்து.

லயத்துக்கு அப்படித் தபால் வந்து வெகுநாளாகியிருந்தது. எல்லாருக்கும் செல்போன் வந்துவிட்ட காலம். ஆனாலும் தபால்காரர் திரும்பிப் போவதற்குள் பீலிக்குப் பக்கத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. ராசையா மாமாவை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். ஒரு கண் மங்கியிருந்தது அவருக்கு. தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

மேல்பக்கத்தில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாள். போட்டியின் கடைசிச் சுற்று சனிக்கிழமை மதுரையில் மேடை போட்டு நடக்கிறது என்று எழுதியிருந்தாள். அப்புறம் வந்தது: 'மரகதம் என்பவள் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் பாடினால் ஆடுகூட மேயாது என்பதை லயத்தார் அனைவரும் அறிவீர்கள்.'

லயம் சிரித்த சிரிப்பில் பீலித் தண்ணீர் சத்தம் கேட்கவில்லை. "ஏலே, வாத்தியாரம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கலே!" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். முகம் எரிந்தாலும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

'என் பெயரில் கம்ப்யூட்டரில் இருக்கும் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. காலேஜ் பிள்ளைகள் சிலர் நடத்துகிறார்கள். நல்ல பிள்ளைகள். நான் பேசுவதாக அவர்களே பதில் போடுகிறார்கள். மரகதம் எழுதியதில் ஒரு வரியைத்தான் டிவிக்காரர்கள் எனக்குக் காட்டினார்கள். மற்றதை இப்போதுதான் வாங்கிப் படித்தேன்.'

அவள் குடியில்லாத வீட்டு வாசலில் நின்று நான் கூப்பிட்டிருக்கிறேன். அக்கம்பக்கம் மொத்தமும் கேட்டிருக்கிறது, அவளைத் தவிர.

ராசையா மாமா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை என் பக்கம் நீட்டினார்.

ஒருத்தி குடத்தை எடுத்துப் பீலியில் வைத்தாள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் மடிப்பைப் பிரித்தேன். நாலே வரி.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று போன மாதம் தேவகியிடம் கேட்டேன். "வாளிய எழுதிக்க, அதான் ஊருக்கே தெரியுமே. மடிப்ப எழுதாத" என்றாள். எழுதவில்லை. நீங்களும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மதுரை பஸ்

அந்தச் சனிக்கிழமை வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கையில் ஒன்பதாம் நம்பர் குளியலறையின் நீல வாளி, மூடியோடு. மேனேஜர் தானே கழுவிக் கொடுத்தார்.

"என்னக்கா, மதுரையில வாளி கெடைக்காதா?" என்றார் கண்டக்டர்.

"இது பழகின வாளி தம்பி."

"வாளியப் பழக்குவாங்களாக்கா!" என்று சிரித்துக்கொண்டே போனார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உள்ளே விடுவார்களா? அவள் வரச்சொன்னதை மறந்திருப்பாளா? வத்தலக்குண்டில் நிறையப் பேர் ஏறினார்கள், பூண்டு மூட்டைகள் சரிந்தன. இறங்கும்போது வாளி இருந்தது, மூடி இல்லை.

மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. பாதிப் பேர் கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்பக்க வாசலில் காவலுக்கு நின்றவர், "யாரும்மா நீங்க? பாஸ் இருக்கா?" என்றார்.

பாஸ் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் வாளியைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "வாளி அக்காவா! அட, வெரசா போங்கக்கா, அவங்க மூணு தடவை கேட்டுட்டாங்க."

திரைக்குப் பின்னால் தேவகி நின்றிருந்தாள். முகத்தில் அத்தனை பூச்சுக்கு அடியிலும் வெளிறியிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. வாளியைப் பார்த்தாள்.

"மூடி எங்கடி?"

"பஸ்ல போச்சுடி. பூண்டு மூட்டைக்கு அடியில."

"ஒன்ன நம்புனேன் பாரு" என்று என் கையைப் பிடித்து ஒரு தட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். போட்டோக்காரர்கள் பின்னால் வரப் பார்த்தார்கள். நான் சால்வையை விரித்து மறைத்தேன். அவள் குனிந்தாள். நான் ஒரு கையால் வாளியையும் ஒரு கையால் அவள் நெற்றியையும் பிடித்துக்கொண்டேன். பழைய மாதிரியே ஐந்து நிமிஷம்.

வெளியே அவளைக் குறிஞ்சி தேவகி என்று மைக்கில் அழைத்தார்கள். அவள் நிமிர்ந்து, என் சால்வை நுனியை இழுத்து வாயைத் துடைத்தாள். இடது காதைத் தொடவில்லை. போய்ப் பாடினாள்.